வீடியோ கேம் விற்கிறேன், வாங்கத்தான் பயம்

வீடியோ கேம் விற்கிற வேலையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, ஆளில்லாத இடத்தில் குரல் கேட்டால் அலறக் கூடாது என்பது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் பெரியதொரு வீட்டு உபயோகப் பொருள் கடை. கீழே ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும், மாடியில் டிவிகள், டிவிகளின் ஓரமாக என் கவுன்ட்டர். டிவியோடு மாட்டி விளையாடுகிற கன்சோல்களை நான் விற்கிறேன். வாங்க வருகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் கேம் பெட்டி. கையில் பிடிக்கிற ஜாய்ஸ்டிக், எல்லோருக்கும் ரிமோட்டு. கான்வென்ட்டில் படித்தவள், பெட்டிமேல் இருக்கிற இங்கிலீஷைப் படித்துச் சொல்லிவிடுவாள் என்று நம்பி என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

வீட்டில் நானும் நாலாம் வகுப்புப் படிக்கிற என் மகள் தாரணியும்தான். அவள் அப்பா குவைத்தில். கடைக்குப் புது மாடல் வந்த நாளிலிருந்து அதை வாங்கலாமா கூடாதா என்று எங்கள் மூன்று பேருக்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். பிள்ளை பெற்றவர்கள் யார் இதைப் படித்தாலும் என் பாடு புரியும். தாரணி தூங்கிவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

இருட்டில் ஒரு குரல்

கடை மூடுகிற நேரம். மாடியில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு வந்துவிட்டேனே என்று தனியாக மேலே ஏறினேன். டிவி வரிசையைத் தாண்டும்போது, யாரோ மிக அருகில் மூச்சு விடுகிற சத்தம். நின்றேன். சூடான டீயை உறிஞ்சுவது போல இன்னொரு சத்தம். பிறகு ஓர் ஆண் குரல், நிதானமாக: "பாப்பா... போயிட்டியா பாப்பா?"

பயந்தால் எனக்கு முருகா என்று வராது. கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த ஜெபம்தான் வரும். அதைப் பாதிவரை சொல்லிக்கொண்டே படியில் உருண்டு விழாத குறையாக இறங்கி, மொபைல் கவுன்ட்டர் ஜாஸ்மினைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவள் டார்ச் அடித்தாள். வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டுகிற கன்சோலை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டில் தொங்கின ஹெட்போனுக்குள்ளிருந்துதான் அந்தக் குரல். சாயங்காலம் பள்ளி வேன் தாரணியைக் கடை வாசலில் இறக்கிவிடும். நான் முடிக்கிற வரைக்கும் அந்த ஸ்டாண்டுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். கீழே போய்க் கேட்டேன், "யார்கிட்டடி பேசினே?" "தெரியலம்மா. ஒரு அங்கிள். கார் ரேஸ்ல கூட வந்தாங்க. பேர் கேட்டாங்க." "சொன்னியா?" "பாப்பான்னு சொன்னேன்."

அந்த ஆள் யார், எந்த ஊர், நல்லவனா கெட்டவனா, எதுவும் தெரியாது. விளையாடுகிற எவனோ ஒருவன். மைக்கை அன்றைக்கே பிடுங்கிவிட்டோம். ஆனால் என் வீட்டுப் பெண் குரல் எவன் காதிலோ இருக்கிறது என்கிற நினைப்பை எந்த இடத்திலிருந்து பிடுங்குவது? ஆட்டோவில் ஏற்றிவிடும்போது ஜாஸ்மின் ஆறுதல் சொன்னாள். "திருடன் இல்லடி அமுதா. திருடனா இருந்தா இவ்வளவு மரியாதையா கூப்பிட மாட்டான்."

வெள்ளிக்கிழமை போன்

குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வீடியோ காலில் அப்பா வருவார். "சாப்பிட்டியா?" "ம்." "படிச்சியா?" "ம்." "மிஸ் என்ன சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லல." அதோடு போன் என் கைக்கு வந்துவிடும். கடைசியாக லீவில் வந்தபோது தோளைவிட்டு இறங்காமல் திரிந்த பிள்ளை இது.

கன்சோல் வாங்கச் சொன்னவர் அவர்தான். அங்கே ரூமில் கூட இருக்கிறவர் ஒருவர் வைத்திருக்கிறாராம். இங்கே ஒன்று இருந்தால் அவர் அங்கிருந்தும் தாரணி இங்கிருந்தும் ஒரே ஆட்டம் ஆடலாமாம். எனக்கு உடனே சந்தேகம். அப்படியென்றால் இத்தனை நாள் இவர் யாரோடு ஆடிக்கொண்டிருந்தார்? டயர்டா இருக்கு, தூங்கப் போறேன் என்று போனை வைத்தாரே, அந்த ராத்திரியெல்லாம் எங்கே கார் ஓட்டினார்? வரிசையாகக் கேட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"எதுக்குங்க வம்பு? பேசணும்னா போன் இருக்குல்ல?" என்றேன்.

"போன்ல அவ எனக்கு இன்டர்வியூ குடுக்கிறா அமுதா. கேள்வி முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிடுறா."

ராகுகாலத்தில் இறங்கியது

எங்கள் கடையில் எந்தப் பொருளை வாங்கினாலும் அட்டைப்பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு தடவை ஓட்டிக் காட்டித்தான் கொடுப்போம். வலங்கைமானிலிருந்து வந்தவர் ஒருவர் நல்ல நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் பையனோடு வந்து நின்றார். வாங்கிவிட்டார், மாட்டிவிட்டோம், சுவிட்சைப் போட்டோம். திரையில் படம் வரும் என்று கைகூப்பிக்கொண்டு நின்றவருக்கு எதிரில் ஒரு நீலக் கோடு வந்தது. அப்டேட். அணைக்காதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. கோடு நகர்வேனா என்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு ராகுகாலம்.

"கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லும்மா" என்றார். "அது என் கையில இல்லைங்க." "அப்ப நிறுத்திட்டு நாளைக்குப் போடு." "நிறுத்தினா கெட்டுப்போயிடும்னு போட்டிருக்குங்க." பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். மேனேஜர் சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நழுவினார். எனக்கோ வேறு கவலை. இத்தனை நேரமாக இறங்குகிறதே, அப்படி என்னதான் இறங்குகிறது? அதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் வீட்டு வாசலில் ஒருவன் மூட்டை மூட்டையாக இறக்கினால் சும்மா விடுவோமா?

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "இது எந்த ஊர்லேர்ந்து இறங்குது?" அமெரிக்காவாக இருக்கும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அங்க இன்னும் வியாழக்கிழமையே முடிஞ்சிருக்காது. ராகுகாலம் நமக்குத்தான், அதுக்கு இல்லை. ஓடட்டும் விடு."

மூன்று போகம்

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். விவசாயி. கன்சோலை உரச் சாக்கில் போட்டுக் கட்டி எடுத்து வந்து, கவுன்ட்டரில் வைத்துத் தள்ளினார். ரிப்பேரா என்று கேட்டேன். "நல்லா ஓடுது. அதுதான் ரிப்பேரு" என்றார்.

அவர்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்களாம். அன்றைக்கு இவர் முறை. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், வீட்டில் இருந்த டிப்ளமோ படித்த பையனுக்குப் போன் போட்டு மடையைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார். அவனும் சரி என்றிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால், இவர் வயல் காய்ந்து கிடக்கிறது, அடுத்த வயலில் தவளை கத்துகிறது. பையன் டிவி முன்னால் உட்கார்ந்து ஆட்டத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருக்கிறான். "ஏக்கர் கணக்குல வச்சிருக்காம்மா அதுக்குள்ள. டிராக்டர் ஓட்டுறான், விதைக்கிறான், மெஷின் விட்டு அறுக்கிறான். ஒரு வாரத்துல மூணு போகம் எடுத்துட்டான். சொந்த வயலுக்கு மடையைத் திறக்க எந்திரிக்க முடியல."

பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். எனக்குள் தாரணி அந்தப் பையன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல். அவர் சாக்கை மறுபடி கட்டினார். "சரி, அதுல அறுத்த நெல்லையாவது எந்தக் கொள்முதல் நிலையத்துல போடுறதுன்னு கேட்டுச் சொல்லு." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அது நெல் இல்லைங்கய்யா, கோதுமை" என்றேன். கட்டின கை அப்படியே நின்றது. தண்ணீர் போனபோதுகூட இந்த முகம் வந்திருக்காது.

"கோதுமையா? காவேரித் தண்ணியைக் குடிச்சு வளர்ந்துட்டுக் கோதுமையா போடுறான்?"

பூஜையில் வைத்தது

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று, பேராவூரணியிலிருந்து ஓர் அம்மா வந்தார். தென்னந்தோப்புக்காரர்கள். கன்சோல் டிஸ்கை வாங்க மாட்டேன் என்கிறதாம். சர்வீஸ் பார்க்கிற அண்ணன் உள்ளே லைட் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். டிஸ்க் போடுகிற வாய் முழுக்கச் சந்தனம், அதன்மேல் குங்குமம், காற்றுப் போகிற ஓட்டைகளில் பட்டை பட்டையாக விபூதி. அரிவாள், தேங்காய் உரிக்கிற பாரை, மோட்டார், டிராக்டர் எல்லாவற்றோடும் இதையும் வரிசையில் வைத்துப் பூஜை போட்டிருக்கிறார்கள்.

"இதுக்கெல்லாம் வைக்கக் கூடாதும்மா" என்றார் அண்ணன். "டிராக்டருக்கும் இதே சந்தனம்தானே வச்சோம்? அது ஓடுதே" என்று அந்த அம்மா சண்டைக்கு வந்தார். துடைத்து முடிக்கிற வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சு பிள்ளைகள் பக்கம் போனது. பூஜையில் வைத்த பொருளை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக் கூடாது இல்லையா? அவருடைய மகன், பத்தாவது படிக்கிறவன், வேறு வழியில்லாமல் அன்று எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அத்தை மகனைக் கிண்டல் பண்ணியிருக்கிறான். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருக்கிறான். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

பொருள் சரியாகி வந்ததும் கையில் வாங்கவில்லை. என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ஆயுத பூஜையை வருஷத்துக்கு ரெண்டு தடவை வைக்கக் கூடாதா?"

அன்று வீட்டுக்குப் போனதும் தாரணி அப்பாவுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். வேண்டாம், முடிந்தது என்று.

"உங்க வீட்ல இருக்கா?"

இந்தக் கேள்விக்குத் தப்பின விற்பனையாளர் உலகத்தில் உண்டா? மிக்ஸி விற்கிறவளைக் கேட்பார்கள், ஃபிரிட்ஜ் விற்கிறவளைக் கேட்பார்கள். என்னை எல்லோரும் கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். ஒரு நாள் என் வயதிலேயே ஒருத்தி வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கையில் இருந்தது கவுன்ட்டரை நக்கிக்கொண்டிருந்தது. நான் எல்லாம் சொல்லி முடித்தேன். நேர வரம்பு வைக்கலாம், பூட்டுப் போடலாம், முகம் தெரியாதவர்களோடு பேசாதபடி அடைத்துவிடலாம், பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கும் என்று. அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் அந்தக் கேள்வி.

"பொண்ணு இருக்கா? என்ன வயசு? அவளுக்கு வாங்கிக் குடுத்திருக்கீங்களா?" மழுப்ப விடவில்லை. இல்லை என்றேன். "ஏன்?" பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் என் கையைத் தொட்டு, "தேங்க்ஸ்ங்க, உண்மையைச் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மேனேஜர். திட்டுவார் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. "ஏம்மா, இப்ப அந்தப் பொண்ணுக்கிட்ட சொன்னீங்களே, பூட்டு, வரம்பு, அடைக்கிறது... அதெல்லாம் நெஜமாவே வேலை செய்யுதான்னு என்னைக்காவது வீட்ல போட்டுப் பார்த்திருக்கீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். பெருமூச்சு விட்டார். "பயப்படுறதையாவது பார்த்துட்டுப் பயப்படுங்க. இல்லன்னா மிக்ஸி செக்‌ஷனுக்குப் போயிடுங்க. அங்க விரலை உள்ள விடாம இருந்தா போதும்."

ஒரே ஒரு பெயர்

வாங்கிவிட்டேன். மிக்ஸி செக்‌ஷனுக்குப் பயந்தல்ல. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அப்பா போன் அடிக்கும்போதே தாரணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நான் தூங்கிட்டேன்னு சொல்லும்மா" என்றாள். பொய் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் "சரி, எழுப்பாதே" என்று சொன்ன விதத்தில், அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் டிவி இருப்பது உள்ளறையில். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைத்தேன். தெரியாதவர் பேசினால் கேட்காது. தெரியாதவர் எழுதினால் வராது. தெரியாதவருக்கு இவள் பெயரே தெரியாது. நண்பர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர், அப்பா. ஜாஸ்மினை அவள் வீட்டிலிருந்து மொபைலில் அதே ஆட்டத்துக்குள் வந்து பேசச் சொல்லி, குரல் வருகிறதா என்று சோதித்தேன். வரவில்லை. இன்னொரு தடவை முயற்சி பண்ணச் சொன்னேன். அப்போதும் வரவில்லை. "உன் வீட்டுக்குள்ள நுழையறதைவிட விசா எடுத்துக் குவைத்துக்கே போயிடலாம்டி" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டிலில் அவள், காதில் ஹெட்போன். தரையில் நான், மடியில் அவரைக்காய். முறத்தில் பாதிப் பார்வை, திரையில் பாதிப் பார்வை. அவர் சொல்வது எனக்குக் கேட்காது, இவள் சொல்வது மட்டும் கேட்கும். அதுவே போதுமாக இருந்தது. "அப்பா, அங்க குழி! அங்க போகாதீங்கப்பா! போச்சு... விழுந்துட்டீங்களா?" "இடது பக்கம்னா எந்தக் கைன்னு தெரியாதா உங்களுக்கு? சோத்துக்கை இல்லப்பா, இன்னொண்ணு!" "என்னது, மேடமா? சரி, மேடம் சொல்றபடி ஓட்டுங்க." சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை காலமாயிற்று? அப்படியும் சந்தேகம் விடவில்லை. உண்மையில் அந்தப் பக்கம் இருப்பது அவர்தானா என்று அவர் போனுக்கு ஒரு ரிங் விட்டுப் பார்த்தேன். "அப்பா, உங்க போன் அடிக்குது பாருங்க" என்றாள் இவள். கட் பண்ணிவிட்டேன்.

அப்புறம் ஆட்டத்தின் நடுவில், கண் திரையிலேயே இருக்க, சாதாரணமாகச் சொன்னாள். "அப்பா, வேன்ல பவித்ரா என்கூட உக்கார மாட்டேங்கிறாப்பா. மத்தவங்களையும் உக்கார விட மாட்டேங்கிறா." தினமும் வேனிலிருந்து இறங்கினதும் ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு என்று கேட்கிறேன். தினமும் ஒண்ணுமில்ல என்கிறாள். கையில் இருந்த அவரைக்காய் நழுவியது. "எப்பலேர்ந்துடி?" என்று எழுந்தேவிட்டேன். அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். "அம்மா, நானும் அப்பாவும் பேசிட்டிருக்கோம்ல? நீ ஒட்டுக்கேக்கிறே. கொஞ்சம் வெளிய இரும்மா."

முகம் தெரியாத எவனும் நுழைந்துவிடக் கூடாதென்று அந்தப் பெட்டியில் இருந்த வழிகளையெல்லாம் தேடித் தேடி அடைத்த என்னை, முறமும் அவரைக்காயுமாகக் கூடத்தில் நிறுத்திவிட்டு, என் மகள் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.